மணிமங்கலம்: சொல்லாத காதலும் கல்லில் ஏறிய பெயர்களும்

வரலாற்று நாவல் படிக்கிற நண்பர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி எப்படியும் வந்துவிடும். சாமுராய் கதைகளில் பார்க்கிறோம், கொரியத் தொடர்களில் பார்க்கிறோம், சீன வாள்வீரர் படங்களில் பார்க்கிறோம்: இரண்டு வீரர்கள், ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு உயிர், ஆனா கடைசி வரைக்கும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. கடமை குறுக்கே நிற்கும். அதே மாதிரி நம்ம பக்கம் ஏதாவது இருக்கா?

"இல்லைங்க, நம்ம ஆளுங்க பாட்டாவே பாடிடுவாங்க" என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கொஞ்சம் தோண்டினால் பதில் அவ்வளவு சுலபமா இல்லை. தோண்ட வேண்டிய இடமும் தொலைவில் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் இரண்டிலிருந்தும் கிட்டத்தட்ட சம தூரத்தில், கிழக்கே இருக்கிறது மணிமங்கலம். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக வருகிற கம்பெனி பஸ்களில் போகிறவர்களுக்குப் பழக்கமான ஊர். பெரிய ஏரி, பழைய கோயில்கள், நடுவில் ரியல் எஸ்டேட் போர்டுகள். தமிழின் மிகப் பிரபலமான 'கடமையா காதலா' கதை ஒன்றின் நிஜப் போர்க்களம் இந்த ஊர்தான். முதலில் ஆதாரத்தைப் பார்ப்போம், பிறகு கதைக்குப் போகலாம்.

செப்பேடு சொல்வது

காஞ்சிபுரம் பக்கத்தில் கூரம் என்று ஒரு கிராமம். அங்கே கிடைத்த செப்பேடு முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. அதில் அவருடைய தாத்தா முதலாம் நரசிம்மவர்மனைப் பற்றிச் சொல்லும்போது, பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய போர்களில் புலிகேசியைத் தோற்கடித்தவன் என்று வருகிறது. புறமுதுகு காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே ஓலையாக்கி அதில் 'விஜயம்' என்ற எழுத்துகளை எழுதினானாம். பிற்காலத்து இரண்டாம் நந்திவர்மனின் உதயேந்திரம் செப்பேடும் இதே மூன்று ஊர்களையும், வாதாபி அழிக்கப்பட்டதையும் சொல்கிறது.

எதிர்த் தரப்பு ஆவணமும் உண்டு. புலிகேசியின் ஐகொளே கல்வெட்டு, ரவிகீர்த்தி எழுதியது, காலம் 634-35. சளுக்கியப் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் மங்கி, காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்கிறது அது. ஆக, காஞ்சி வரைக்கும் எதிரி வந்தான் என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை.

செப்பேட்டு மெய்க்கீர்த்திகளை நான் எங்கள் துறையின் ரிலீஸ் நோட்ஸ் மாதிரிதான் படிப்பேன். வெற்றி மட்டும்தான் எழுதியிருக்கும். உடைந்தது எது, யார் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரி செய்தது என்பதெல்லாம் இருக்காது. அதையும் மீறி ஊர்ப் பெயர் ஒரு உண்மையைக் காட்டிக் கொடுத்துவிடும். வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்க. காஞ்சியிலிருந்து மணிமங்கலம் நேர்கோட்டில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர், கிழக்கே. புலிகேசி வந்தது வடமேற்கிலிருந்து. அப்படின்னா சண்டை நடந்தது எல்லையில் இல்லை, தலைநகரத்தைத் தாண்டி, அதற்குப் பின்னால், கடற்கரைக்குப் போகிற பக்கத்தில். எதிரி வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் வரைக்கும் வந்துவிட்ட பிறகு நடந்த சண்டை இது. 'வெற்றி' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை கிராமம் எரிந்தது என்பதைச் செப்பேடு சொல்லாது. மணிமங்கலம் எங்கே இருக்கிறது என்பதே அதைச் சொல்லிவிடுகிறது.

அதன் பிறகு 642 வாக்கில் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். இன்றைய கர்நாடகத்தின் பாதாமி. அங்கே பாறையில் அவனுடைய 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. இதுவரை சொன்ன எந்த ஆவணத்திலும் ஒரு பெண் கிடையாது.

கல்கி வைத்த பெண்

அந்த இடத்தில்தான் கல்கி சிவகாமியைக் கொண்டுவந்து வைத்தார். 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் தொடராக வந்தது, நான்கு பாகம். மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு இருந்தபோது தோன்றிய கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். மகேந்திரன், மாமல்லன், புலிகேசி, பரஞ்சோதி ஆகியோர் வரலாற்று மனிதர்கள். சிவகாமி, ஆயனர், நாகநந்தி ஆகியோர் கற்பனை. மணிமங்கலம் நாவலிலும் வருகிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமா: சிற்பி மகள் சிவகாமியும் இளவரசன் மாமல்லனும் காதலிக்கிறார்கள். சளுக்கியர்கள் அவளைச் சிறைபிடித்து வாதாபிக்குக் கொண்டுபோகிறார்கள். மாமல்லன் இந்த நகரத்தைக் கொளுத்தி என்னை அழைத்துப் போகும்வரை இங்கிருந்து நகர மாட்டேன் என்று அவள் சபதம் எடுக்கிறாள். மாமல்லனும் பரஞ்சோதியும் மாறுவேடத்தில் வாதாபிக்கே வந்து கூப்பிடுகிறார்கள். வர மறுக்கிறாள். ஒன்பது வருஷம் கழித்துப் படை வருகிறது, நகரம் எரிகிறது, அவள் மீட்கப்படுகிறாள். அதற்குள் அரசியல் கடமைக்காக மாமல்லன் பாண்டிய இளவரசியைக் கல்யாணம் செய்து, குழந்தைகளும் பிறந்தாகிவிட்டது. சிவகாமி ஏகாம்பரநாதரையே கணவனாக ஏற்றுக்கொள்கிறாள்.

சிவகாமி வாள் எடுத்தவள் இல்லையே, அவளை எப்படி வீரர் கணக்கில் சேர்ப்பது என்று கேட்கலாம். நான் சேர்ப்பேன். மாமல்லன் மாறுவேடத்தில் வந்த அந்த இரவை எடுத்துக்கொள்ளுங்க. காதலன் கடமையை ஓரமாக வைத்துவிட்டு வந்துவிட்டான். கடமை பேசியவள் அவள். சபதம் என்பது போர்க்களத்துச் சடங்கு. பழைய இலக்கணத்தில் அதற்கு வஞ்சினம் என்று பேர், வஞ்சினக் காஞ்சி என்று தனித் துறையே உண்டு. கல்கி அதை ஒரு நாட்டியப் பெண் கையில் கொடுத்துவிட்டார். மாமல்லனிடம் யானைப்படை இருந்தது, இவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. ஒன்பது வருஷம் அந்தப் படையை நகர்த்தியது இந்த வாக்கியம்தான்.

ஆரம்பத்தில் இருவரும் நிறையப் பேசுகிறார்கள். சபதத்துக்குப் பிறகு பேச்சு நின்று போகிறது. கடைசியில் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. கடமை முடிந்துவிட்டது, அது முடியும்வரை காத்திருந்த வாழ்க்கை மட்டும் இல்லை. நாலாம் பாகத்துக்கு 'சிதைந்த கனவு' என்று தலைப்பு வைத்தது சும்மா இல்லை.

ஆணின் வஞ்சினம்: பணயமாக ஒரு பெண்

இதற்கு முன்மாதிரி சங்க இலக்கியத்திலேயே இருக்கு. புறநானூறு 71ஆம் பாட்டு. பாடியவன் புலவன் இல்லை, அரசன். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். எதிரிகள் சேர்ந்து வருகிறார்கள். அவர்களை நான் முறியடிக்காவிட்டால் எனக்கு இன்னின்ன கேடு வரட்டும் என்று அடுக்குகிறான். முதலில் சொல்வது, பெரிய மைதீட்டிய கண்களை உடைய என் மனைவியை நான் பிரியட்டும் என்பது. அடுத்து, என் அவையில் நீதி தவறட்டும். அடுத்து, என் நண்பர்களின் துணையை இழக்கட்டும். கடைசியாக, பாண்டிய நாட்டை விட்டு வேறு எங்கோ வறண்ட நிலத்தை ஆள்பவனாகப் பிறக்கட்டும்.

இதை முதன்முறை படித்தபோது எனக்கு உறைத்தது வரிசைதான். நீதிக்கும் நாட்டுக்கும் முன்னால் மனைவி. ஒரு போர்வீரன் தன் மனைவி மேல் இருக்கிற பாசத்தை வெளியே சொல்ல அவனுக்குக் கிடைத்த ஒரே வழி அதைப் பணயம் வைப்பது. 'உன்னை நேசிக்கிறேன்' என்று அவளிடம் சொல்லவில்லை. 'தோற்றால் அவளை இழக்கிறேன்' என்று படையிடம் சொல்கிறான். இழக்க முடியாதது எதுவோ அதைத்தான் பணயம் வைப்பாங்க. சொல்லாமலே சொன்ன காதல் என்றால் இதுதான்.

இன்னொன்றும் கவனிக்கணும். நண்பர்களைச் சொல்லும்போது மாவன், ஆந்தை, அந்துவன்சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன் என்று ஐந்து பேரின் பெயரையும் சொல்கிறான். மனைவிக்குப் பெயர் இல்லை, கண்கள் மட்டும்தான். அவளும் ஒரு பாட்டு பாடியிருக்கிறாள், புறநானூறு 246. கணவன் இறந்த பின் தீயில் இறங்கப் போகிறாள், தடுக்கிற சான்றோர்களிடம் கோபமாகப் பேசுகிறாள். இந்தத் தீயும் தாமரைக் குளமும் எனக்கு ஒன்றுதான் என்கிறாள். அந்தப் பாட்டின் கீழேயும் அவள் பெயர் 'பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு'. அது பட்டம், பெயர் இல்லை. இந்தப் பெயர் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வரும்.

பாசறையில் வாளோடு ஒரு பெண்

தொல்காப்பியம் கற்பியலில் ஒரு விதி இருக்கு: பாசறைக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆக, வீரனும் அவன் நேசிக்கிற பெண்ணும் ஒரே களத்தில் நிற்க இலக்கணமே இடம் தரவில்லை. அவள் வீட்டில் காத்திருக்கணும், அவன் பாசறையில் விழித்திருக்கணும். முல்லைத் திணை முழுக்க இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

இந்தப் பின்னணியில் முல்லைப்பாட்டைப் படித்தால் ஒரு ஆச்சரியம். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது. 103 அடிதான், பத்துப்பாட்டிலேயே சின்னது. அதில் அரசனுடைய பாசறையின் உள்கட்டமைப்பு துல்லியமா வருது. வெளியே யவனக் காவலர்கள். உள்ளே, வாயால் பேசாமல் உடம்பால் சைகை காட்டிப் பேசுகிற மிலேச்சர்கள். அதோடு, இடுப்புக் கச்சில் வாள் கட்டிய இளம்பெண்கள். சிறிய வளையல் போட்ட கை, முதுகில் புரளும் கூந்தல், பல நிறக் கச்சு, அதில் ஒளி வீசும் வாள். ராத்திரி முழுக்க விளக்கு அணைய அணைய எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வெளிச்சத்தில் அரசன் தூங்காமல் இருக்கிறான். எதை நினைத்து? மனைவியை இல்லை. நேற்றுக் காயம்பட்ட யானைகளை, செஞ்சோற்றுக் கடன் தீர்த்துச் செத்த வீரர்களை, அம்பு தைத்துத் தீனி தின்னாமல் நிற்கிற குதிரைகளை. வீட்டில் இருக்கிற மனைவி அவனை நினைத்துத் தூங்காமல் இருக்கிறாள். விளக்கேற்றுகிற வாள்பெண் இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சும் பேசாமல் நடமாடுகிறாள்.

நக்கீரரின் நெடுநல்வாடையும் இதே சாயல்தான். அரசி மாளிகையில் கண்ணீரோடு, அரசன் நள்ளிரவில் வாடைக் காற்றில் பாசறையில் காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு. பாட்டு முழுக்கப் பிரிவுத் துயரம் என்றாலும், வேலில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனின் அடையாளம் என்பதால் இது அகம் இல்லை, புறம் என்று நச்சினார்க்கினியர் தீர்ப்பு சொல்லிவிட்டார். ஒரு இலை, காதல் பாட்டைப் போர்ப் பாட்டாக்கிவிட்டது! கடமை முன்னால் வந்தால் காதலுக்கு வகைப்பாட்டிலேயே இடம் போய்விடும் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

இருவரும் வீரர் என்றால்?

சரி, ஆணும் பெண்ணும் இரண்டு பேருமே வாளெடுத்தவர்களாக இருக்கிற தமிழ்க் கதைகள்? இரண்டு சட்டென்று ஞாபகம் வரும். ஒன்று தடாதகை. மதுரையை ஆண்டு, திக்விஜயம் புறப்பட்டு, கயிலாயம் வரைக்கும் படையோடு போகிறாள். அங்கே சிவனைப் பார்த்ததும் நாணம் வருகிறது, மூன்றாவது தனம் மறைகிறது, சண்டை முடிகிறது. திருவிளையாடற் புராணம் சொல்கிற கதை. (பாடியவர் பரஞ்சோதி முனிவர். நம்ம தளபதி பரஞ்சோதி இல்லை.)

இன்னொன்று அல்லி. அல்லி அரசாணி மாலை என்ற நாட்டுக் கதைப்பாடலில் வருகிற மதுரை அரசி, ஆண்களை அண்டவிடாதவள். அர்ச்சுனன் நேரில் வென்று அவளை அடையவில்லை. பாம்பு வடிவில் உள்ளே புகுந்து, தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான்.

இரண்டு கதையிலும் காதல் வந்ததும் பெண்ணின் ஆயுதம் போய்விடுகிறது. ஒருத்திக்கு விரும்பி, இன்னொருத்திக்கு ஏமாற்றப்பட்டு. 'நீயும் உன் கடமையைப் பார், நானும் என் கடமையைப் பார்க்கிறேன், நமக்குள் இருப்பது இருக்கட்டும்' என்று இரண்டு பேரும் ஆயுதத்தோடு சமமாக நிற்கிற கதையாக எதுவும் முடியவில்லை. சிவகாமி தன் ஆயுதத்தைக் கடைசி வரை கீழே போடாதவள் என்பதால்தான் அவளை இந்த வரிசையில் தனியாக வைக்கிறேன்.

தேங்காய்த் தண்ணீர்

ஆனால் அப்படி ஒரு உறவு, கற்பனையாக இல்லாமல் ஆவணத்திலேயே, அதுவும் இதே நரசிம்மவர்மன் பக்கத்தில் இருக்கிறது. காதல் இல்லை, நட்பு. கிடைத்த இடம் இலங்கையின் சூளவம்சம், மகாவம்சத்தின் தொடர்ச்சி, 47ஆம் அத்தியாயம்.

மானவர்மன் இலங்கை அரச குமாரன். ஆட்சியை இழந்து, நரசிம்மனிடம் அடைக்கலமாக வந்து, அவன் படையில் பணி செய்கிறான். மனைவி சங்காவும் கூட இருக்கிறாள். ஒருநாள் இரண்டு பேரும் யானை மேல் வெளியே போகிறார்கள். அரசன் தாகத்துக்குத் தேங்காய்த் தண்ணீர் குடித்துவிட்டு மீதியை மானவர்மனிடம் கொடுக்கிறான். அரச குலத்தில் பிறந்தவன் இன்னொருத்தர் எச்சிலைக் குடிப்பதா? மானவர்மன் யோசிக்கிறான், நண்பன் கொடுத்ததில் எச்சில் என்ன என்று குடிக்கிறான். அதைப் பார்த்த நரசிம்மன், அவன் குடித்து வைத்த மீதியை வாங்கித் தானும் குடிக்கிறான். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பிறகு வல்லபன், அதாவது சளுக்கியன், படையெடுத்து வருகிறான். நரசிம்மன் ஒரு கணக்குப் போடுகிறான். இவன் தன் நாட்டை மீட்க என்னிடம் வந்தவன். எனக்காக என் போரில் செத்துப் போனால் இவன் வந்த காரியம் என்ன ஆவது? அதனால் மானவர்மனை ஊரிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறான். மானவர்மன் இன்னொரு கணக்குப் போடுகிறான். அவன் செத்து நான் பிழைத்திருந்தால் அந்த உயிரை வைத்து என்ன செய்ய? பின்னாலேயே களத்துக்குப் போகிறான். சேர்ந்து ஜெயிக்கிறார்கள். அதன் பிறகுதான் நரசிம்மன் அவனுக்குப் படை கொடுத்து இலங்கைக்கு அனுப்புகிறான். முதல் முயற்சி பலிக்காமல், பல வருஷம் கழித்து மானவர்மன் அரியணை ஏறினான்.

எந்தப் போர் என்று சூளவம்சம் ஊர்ப் பெயர் சொல்லவில்லை. ஆனால் உணர்ச்சி மாறவில்லை பாருங்க. ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்ற, ஒருத்தர் சொல்லாமல் விட்டுவிட்டுப் போகிறார், இன்னொருத்தர் கேட்காமல் பின்னால் போகிறார். கல்கி இந்த மானவன்மனையும் விடவில்லை, நாலாம் பாகத்தில் கொண்டுவந்திருக்கிறார். பூதப்பாண்டியன் மனைவிக்கு அடுத்து நண்பர்களை ஏன் பணயம் வைத்தான் என்பதும் இதைப் படித்தால் புரியும். போர்க்களத்தில் பக்கத்தில் நிற்க அனுமதி இருந்தது நண்பனுக்குத்தான். அதனால் அந்த மாதிரிச் சொல்லப்படாத பிரியம் அவர்கள் நடுவில்தான் ஆவணமாகியிருக்கிறது.

சுவரில் இருக்கிற பெயர்கள்

இத்தோடு முடித்துக்கொண்டால் கட்டுரை இதமாக இருக்கும். ஆனால் மணிமங்கலத்துக் கல்வெட்டுகளைப் படித்தவன் அப்படி முடிக்க முடியாது.

ஊரில் இராஜகோபாலப் பெருமாள் கோயில், தர்மேசுவரர் கோயில் என்று பழைய கோயில்கள். தர்மேசுவரர் கோயில் விமானம் யானையின் பின்புறம் போல வளைந்த கஜபிருஷ்ட வடிவம். சோழர் காலத்தில் இந்த ஊருக்கு லோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம், இராசசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்றெல்லாம் பெயர் இருந்தது. இங்குள்ள கல்வெட்டுகளை ஹுல்ஷ் பதிப்பித்து 1899இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் முதல் பாகத்தில் வெளியிட்டார். முதலாம் இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன் மூவருடைய நீண்ட மெய்க்கீர்த்திகளும் இங்கே கிடைத்தவை. பல்லவன் போரிட்ட ஊரில், நானூறு வருஷம் கழித்து, வேறு போர்களின் அறிக்கை கல்லில் ஏறியது.

இராசாதிராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் ஈழப் போர் வருகிறது. வீரசலாமேகன் என்ற அரசன் தோற்று ஓடுகிறான். சோழப் படை அவனுடைய தமக்கையைப் பிடிக்கிறது, தாயின் மூக்கை அறுக்கிறது. அந்த அவமானம் தாங்காமல் அவன் திரும்பி வந்து போரிட்டுச் சாகிறான். இதை எழுதியிருப்பது குற்றச்சாட்டாக இல்லை, பெருமையாக.

அடுத்தது இரண்டாம் இராசேந்திரனின் 4ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. 1054இல் கொப்பத்தில் நடந்த போர். அண்ணன் இராசாதிராசன் யானை மேலேயே உயிர் விட்டான். பிற்காலக் கல்வெட்டுகளில் அவன் பெயரே 'ஆனைமேல் துஞ்சின தேவர்'. தம்பி களத்தில் இறங்கிச் சளுக்கிய ஆகவமல்லனைத் துரத்தி, அங்கேயே வெற்றி முடி சூடினான். வீரம் என்றால் இதுதான், மறுக்கவில்லை. பிறகு பிடித்த பொருள்களின் பட்டியல் வருகிறது. பெயர் சொல்லிச் சில யானைகள், குதிரைகள், ஒட்டகங்கள், பன்றிக் கொடி, சத்தியவ்வை, சாங்கப்பை, மற்ற பெண்கள்.

சத்தியவ்வை, சாங்கப்பை. ஆகவமல்லனின் தேவிமார். ஒட்டகத்துக்கும் கொடிக்கும் அடுத்த வரிசையில்.

பூதப்பாண்டியன் நேசித்த மனைவிக்குப் பெயர் இல்லை. முல்லைப்பாட்டில் வாள் கட்டிய பெண்ணுக்குப் பெயர் இல்லை. அகப்பாட்டுகளில் யாருக்குமே பெயர் சொல்லக் கூடாது என்பதே விதி. போரைப் பற்றிய எழுத்தில் இந்த இரண்டு பெண்களுக்கும் பெயர் கிடைத்திருக்கிறது, கொள்ளைப் பொருளாக ஆன பிறகு. ஆகவமல்லன் அவர்களை நேசித்தானா, களத்தில் விட்டுவிட்டு ஓடும்போது திரும்பிப் பார்த்தானா என்பதற்குக் கல்லில் இடம் கிடையாது.

கல்கி இந்த மெய்க்கீர்த்திகளின் உலகத்தை நன்றாக அறிந்தவர். பொன்னியின் செல்வன் எழுதியவருக்குச் சோழர் கல்வெட்டு தெரியாமல் இருக்காது. சிவகாமியை அவர் ஏன் சிறைபிடிக்க வைத்தார் என்பதற்கு என் வாசிப்பு இதுதான்: பட்டியலில் ஒரு பொருளாக முடிந்திருக்க வேண்டிய பெண்ணுக்கு அவர் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார். அவள் கொள்ளைப் பொருளாக வாதாபிக்குப் போகிறாள், ஆனால் நிபந்தனை போடுகிறவளாக மாறுகிறாள். அதே நேரம் அந்த வாக்கியத்துக்காக ஒரு நகரமே எரிந்ததையும், அங்கே இருந்த மனிதர்களையும் அவர் மறைக்கவில்லை. சபதம் நிறைவேறிய பிறகு யாருக்கும் சந்தோஷம் இல்லை.

கடமை யாருடையது?

இந்தப் பகுதியில் வேலை செய்கிறவர்களுக்கு 'கடமை முதலில்' என்பது பழங்கதை இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் கார், மோட்டார்சைக்கிள், செல்போன் தொழிற்சாலைகளுக்கு ஊர் ஊராக வந்து, விடுதிகளில் ஆறு ஏழு பேராகத் தங்கி, சம்பளத்தைத் தங்கச்சி படிப்புக்கும் அப்பா கடனுக்கும் அனுப்புகிற இருபத்திரண்டு வயதுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்காங்க. அவங்க மனசில் யாராவது இருக்கலாம். ஒருத்தர் ஏ ஷிஃப்ட், இன்னொருத்தர் சி ஷிஃப்ட், பஸ் மாறும் இடத்தில் அஞ்சு நிமிஷம். வீட்டுக் கடன் அடையட்டும், தங்கச்சி கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிப் போட்டுக்கிட்டே போறாங்க. இதை ரொம்ப அழகான தியாகம் என்று வெளியே இருந்து சொல்வது சுலபம். நாவலில் அந்த மௌனத்தை ரசிக்கிற நாம், அதற்கு விலை கொடுப்பது யார் என்று ஒரு தடவையாவது கேட்கணும். மாமல்லனுக்குக் கடைசியில் ராஜ்யம் இருந்தது. சிவகாமிக்கு ஒன்பது வருஷம் போனது.

அதனால் நண்பர்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இப்படி. சொல்லப்படாத வீரக் காதல் நம்மிடம் நிறையவே இருக்கு. வஞ்சினத்துக்குள் பணயமாக, பாசறை விளக்கு வெளிச்சத்தில் பேச்சில்லாமல், ஒரு தேங்காயைப் பகிர்ந்துகொள்வதாக. ஆனால் அது சொல்லப்படாமல் போனதற்கு வீரர்களின் அடக்கம் மட்டும் காரணம் இல்லை. யார் பெயரை எழுதலாம், யார் எங்கே நிற்கலாம் என்று வேறு யாரோ முடிவு செய்ததும் காரணம்.

மணிமங்கலம் போகிறவர்கள் ஏரிக்கரையில் நின்று மாமல்லனை நினைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை, நானும் செய்வேன். அப்படியே கோயிலுக்குள்ளும் போங்க. ஹுல்ஷ் தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மொழிபெயர்ப்போடு. போவதற்கு முன் இரண்டாம் இராசேந்திரனின் கல்வெட்டை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போனால், அந்தப் பட்டியலில் ஒட்டகங்கள் முடிந்ததும் வருகிற இரண்டு பெயர்களை வாய்விட்டு ஒரு தடவை படிக்கலாம்.

அடுத்த பதிவில் பரஞ்சோதி. பெரியபுராணம் சொல்கிற சிறுத்தொண்டரின் அரசன் யார் என்று சேக்கிழார் பெயர் சொல்லவில்லை. அப்படியிருக்க அவரை நரசிம்மவர்மனோடு எந்தக் கண்ணியை வைத்து இணைக்கிறார்கள் என்று பார்ப்போம்.